செத்ரோஸ் தீவில் ஒரு பூத்தண்டு

உப்புக் கப்பல் சங்கூதும் காலையில்
மூடுபனிச் சரிவில்
தண்டை அளக்கிறாள் ஹெனோவேவா.
நேற்றைவிட நாலு விரல் கூடுதல்.
இருபது வருடம் தரையோடு குந்தியிருந்த
ஆனைக்கற்றாழைக்கு
இப்போது என்ன அவசரம்?

சாம்பல் பூத்த இலையைத் திருப்புகிறாள்:
குருத்தாய் ஒட்டிக்கிடந்த நாளில்
பக்கத்து இலை கடித்த பல்வரிசை
அப்படியே இருக்கிறது.

"பூத்தால் செத்துவிடும்.
வெட்டித் தா, கொடிக்கம்பமாகட்டும்,"
என்கிறான் சிப்பிக்கு முக்குளிக்கும் எவாரிஸ்தோ.
அவள் பேசவில்லை.

உச்சியில் மஞ்சள் தட்டுகள் விரிய விரிய
அடியில் இலைகள் தளர்ந்தன,
கடைசிக் காசும் எடுத்துக் கொடுத்த
பைகள் போல.

காய்ந்து நின்ற தண்டில்தான்
அவன் ரப்பர் உடுப்பைத் தொங்கவிட்டான்.
காய் வெடித்து
கறுப்பாய், தட்டையாய்,
பதினொரு விதைகள் அதில் ஒட்டியிருந்தன.

உதறாமலே
படகேறிப் போய்விட்டான்.