ஓடைக்கரைக் காவல்

இரண்டு வாரம் முன்பே மாடுகளை
மேல்மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டோம்.
குளம்புகள் மட்டும் கிளம்பவில்லை.
ஒவ்வொரு தடத்திலும்
ஒரு கைப்பிடி மழை தேங்கியிருந்தது.
நவார்ராவின் மார்ச் மழை,
சாய்ந்தே பெய்யும், குடையை மதிக்காது.

மஞ்சள் சட்டை, சிவப்புக் கொடி, ஒரு விசில்.
ஓடை குறுக்கிடும் வளைவில் நான்.
எடுர்னே திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்:
யார் விழுந்தாலும் கொடியை உயர்த்து.
கையை நீட்டாதே.
நீ தூக்கிவிட்டால் அவள்
கணக்கிலிருந்தே போய்விடுவாள்.

பதினெட்டு, பத்தொன்பது வயது.
நாட்டுக்கு ஆறு பேர்.
மரச்சட்டக் கட்டத்துக்குள் ஒருவர் பின் ஒருவராக
குளிரில் தொடையை அறைந்துகொண்டு நின்றார்கள்.
துப்பாக்கி ஒருமுறை நனைந்து கம்மிற்று.
சிரித்தார்கள்.
இரண்டாம் முறை
சிரிக்க ஒருவரும் அங்கே இல்லை.

முதல் சுற்றில் முகம் தெரிந்தது.
எத்தியோப்பியப் பச்சை, கென்யச் சிவப்பு, உகாண்டா மஞ்சள்,
ஓடையை ஓடை என்றே எண்ணாமல் தாண்டிய கால்கள்.
இரண்டாம் சுற்றில் நிறம் ஒன்றுதான்.
எங்கள் மண்
எல்லாருக்கும் ஒரே சீருடை தைத்திருந்தது.
ஒலிபெருக்கி மட்டும் நாடுகளைப்
பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தது,
பெயர்களைக் கடித்துத் துப்பியபடி.

மூன்றாம் சுற்று.
முன்னணி போய் அரை நிமிடம் இருக்கும்.
இருநூற்றுப் பதினான்கு
கரையில் ஆணி ஊன்றாமல் வழுக்கிப்
பக்கவாட்டில் விழுந்தாள்,
என் கால்மாட்டில்.
குனிந்தால் எட்டும்.

கொடியை உயர்த்தினேன்.
இன்னொரு கை தானாகவே போயிற்று.
பாதி வழியில் அதைப் பிடித்து
முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்,
திருடியதைப் போல.

மார்பில் பெரு என்று இருந்தது.
அவளுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழி உண்டு.
விழுந்தவள் அதில் பேசவில்லை.
அதற்கும் அடியில் கிடக்கும் ஒன்றில்
ஒரே சொல் சொன்னாள்,
என்னிடமா, முழங்காலிடமா, சேற்றிடமா.
எனக்கும் அப்படி ஒரு மொழி உண்டு.
கதவில் விரல் நசுங்கினால் வருவது அதுதான்.

ஒருத்தி கடந்தாள். இரண்டு பேர் கடந்தார்கள்.
அப்புறம் ஒரு கும்பல், நான்கு பேர்,
சேற்றை அவள் கன்னத்தில் அள்ளி இறைத்தபடி.
புல்லைப் பிடித்தாள், புல் வந்துவிட்டது
வேரோடு.
பிறகு ஒரு குளம்புத் தடத்துக்குள்
மற்றக் கையின் ஐந்து விரலையும் விட்டு ஊன்றி
எழுந்தாள், போனாள்.
பத்தடி தூரம் அந்தப் புல்லைக்
கையிலேயே வைத்திருந்தாள்.

மாலையில் அட்டவணை ஒட்டினார்கள்.
இந்த ஓட்டத்தின் கூட்டல் வினோதமானது.
வந்த இடம்தான் புள்ளி,
ஆறு பேரில் நால்வருடையது போதும்,
குறைவாகச் சேர்த்தவர்களுக்குப் பதக்கம்.
பெரு: ஒன்பது, பதினான்கு, இருபத்திரண்டு, நாற்பத்தொன்று.
எண்பத்தாறு.
மூன்றாவதாக வந்த ஜப்பான் எண்பத்தைந்து.
நாற்பத்தொன்றுக்கு நேரே ரோஸ்மெரி சொக்கேவாங்கா.
கடந்தவர்கள் ஏழு பேர். எண்ணியிருந்தேன்.
எண்ணாமல் இருந்திருக்கலாம்.

கொட்டிலுக்குப் பின்னால், மாடு கழுவும் குழாயடியில்
வரிசையில் நின்றார்கள்.
ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொரு காலாக நனைத்தேன்.
ஜப்பான் போயிற்று, புருண்டி போயிற்று,
பல்லெல்லாம் சேறாக ஒரு நார்வேக்காரி போனாள்.
பிறகு அவள்.
என் முகத்தைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள்.
'ஓடையில் நின்றது நீங்கள்தானே.'
பொதுமொழியில்தான் கேட்டாள்.
ஆம் என்றேன்.
கையை நீட்டினாள்.
குலுக்கத்தான் என்று நானும் நீட்டினேன்.
அவள் குழாயை வாங்கிக்கொண்டு
குதிகாலில் காய்ந்ததைச் சுரண்ட ஆரம்பித்தாள்.
'இன்னும் கொஞ்சம் வேகமாக விடுங்கள்.'
திருகை முழுக்கத் திறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மாடுகள் இறங்கி வந்தன.
வளைவில் கையகலத்துக்கு ஓரிடம் மொட்டையாக இருந்தது.
ஒன்று முகர்ந்தது.
மற்றவை மிதித்துப் போயின.