ஆறு வாரம் பளு தூக்கக் கூடாது

ஸ்கேன் அறையில் அந்தப் பையன்
எலுமிச்சை என்றான், பிறகு சாத்துக்குடி,
மூன்றாவதைத் திரையில் இழுத்து அளந்து
நெல்லிக்காய், அது ஒன்றும் செய்யாது என்றான்.
எல்லாம் கீழ்நாட்டுக் காய்கள்.
பூம்பாறைக் குளிரில் அவை காய்ப்பதில்லை.

இரண்டு வருடம்
பூண்டுப் பாத்தியில் குந்தி எழும்போதெல்லாம்
சேலையைப் பின்னால் தொட்டுப் பார்த்தேன்.
கொடைக்கானல் பஸ்ஸில் சீட் இருந்தும் நின்றேன்,
ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு.
அந்தக் குளிரில் ஸ்வெட்டரை இடுப்பில் கட்டுகிறவளை
யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

மதுரையில் டாக்டர் தாட்சாயணி
முதல் நாளே கூட்டிப்போய்க் காட்டினார்.
நான்கு கைகள். மேலே பிளாஸ்டிக் உறை,
மழைக்கு நாங்கள் மாட்டிக்கொள்ளும் கொங்காணி போல.
தானாக அறுக்குமா என்றேன்.
"என் விரல் அசைந்தால்தான் அது அசையும்.
நான் நடுங்கினாலும் அது நடுங்காது."
அவர் உட்காருவது மூலையில்,
கட்டிலிலிருந்து எட்டடி தள்ளி,
ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து.
எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லவில்லை.
ஊசி திரும்பும் விதத்தையும் காட்டினார்:
இரும்பு மணிக்கட்டு முழுச் சுற்றும் சுற்றியது.
என்னுடையது மார்கழியில்
அரைச் சுற்றுக்கே முனகும்.

தலை கீழே, கால் மேலே சாய்ப்போம் என்றார்கள்.
வத்தலக்குண்டு இறக்கத்தில்
கடைசி சீட் மாதிரி என்று நினைத்தேன்.
நினைத்தது அவ்வளவுதான்.
அடுத்து ஒரு நர்ஸ்
அமிர்தவல்லி, அமிர்தவல்லி என்று
கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவுகிறவள் போல
என்னைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வயிற்றில் ஐந்து துளை.
ஒன்றுகூடப் பூண்டுப் பல் நீளம் இல்லை.
பவுனுத்தாய் இருமுறை எண்ணியும் நம்பவில்லை.
இது வழியாவா எடுத்தாங்க?
இல்லை.
பிள்ளைகள் இரண்டும் வந்த வழியே
அவர்கள் இருந்த வீடும் வந்தது.

தட்டில் வைத்து வெளியே
மாசிலாமணியிடம் காட்டினார்களாம்.
முப்பத்தோரு வருடம் மாதம் தவறாமல்
எனக்குக் கணக்குச் சொன்னதை
அவர் மட்டும் பார்த்திருக்கிறார்.
எப்படி இருந்துச்சு?
மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்பார்.
எவ்வளவு பெருசு?
பூண்டு வண்டி வந்துருச்சு என்பார்.

குடத்தை அவர்தான் தூக்குகிறார்,
வாசல்வரை தளும்பக் கோலம் போட்டபடி.
பூண்டுக் கட்டுகளைப் பரணில்
ஒன்றோடொன்று இடிக்கத் தொங்கவிட்டிருக்கிறார்,
உள்ளே இருப்பவற்றுக்குப் புகை எட்டாது.
உட்கார்ந்த இடத்திலிருந்து
தப்புகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போகிறவர்கள்
எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள்.
நாற்பத்து நாலு வயதில்
யாரைப் பெற்றுத் தரப்போகிறேன் இவர்களுக்கு?

நேற்று விளக்கணைத்த பிறகு
உள்ளங்கையில் ஏதோ சில்லிட்டது.
பேரிக்காய்.
"இம்புட்டு," என்றார் இருட்டில்.
இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி
எடை பார்த்தேன். பளுதான்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு பாய் சரசரத்தது,
கூடையைக் கிளறும் சத்தம்.
அதை வாங்கிக்கொண்டு
வேறொன்றை வைத்தார்.
"இல்ல, இதுதான். அது ஒல்லி."

சிரித்தால் தொப்புளுக்கு மேலே உள்ளது
இழுக்கும் என்று எச்சரித்துத்தான் அனுப்பியிருந்தார்கள்.
இழுத்தது.