பொருள் நான்கு

எட்டு மணிக் கூட்டம் எட்டே முக்காலுக்குத் தொடங்கியது.
குறிப்பு எழுதுகிறவள் நான்.
கையெழுத்து தெளிவாக இருக்கிறதாம்; அதனால்
ஆறு வருடமாக எனக்குக் கருத்து இல்லை.

சுவரில் ஒரு வரைபடம்.
நிபோங் திபாலிலிருந்து வரும் சாலை
எங்கள் கம்பத்தருகே ஒருமுறை வளையும்.
ஏன் என்று யாருக்கும் தெரியாது.
யானை ஒன்று செத்துக் கிடந்ததாம், நகர்த்த முடியவில்லையாம்,
பாக் ஹுசின் சொல்வார்.
படத்தில் அந்த வளைவைச்
சிவப்புப் பேனா நிமிர்த்தியிருந்தது.
தண்டவாளத்தில் முட்டும் இடத்தில் கோடு
புள்ளி புள்ளியாக மண்ணுக்குள் இறங்கி
செம்பனைக்கு அந்தப் பக்கம் எழுந்தது.

"இது ஆய்வு மட்டும்தான்" என்றார்
பொறியாளர் நூர் ஹிடாயா.
மூன்று முறை சொன்னார்.
மூன்றாம் முறை யாரும் நம்பவில்லை.

அமிர்தவல்லி எழுந்தாள்.
இரட்டைத் தண்டவாளம் வந்து கேட்டை அடைத்தபின்
மேம்பாலம் சுற்றி நாலு கிலோமீட்டர்.
ஆம்புலன்ஸ் சுற்றி வந்தது.
"பத்தொன்பது நிமிஷம்" என்றாள்,
உட்கார்ந்துவிட்டாள்.
அதற்குப் பிறகு யார் பேசுவதென்று
கொஞ்ச நேரம் தெரியவில்லை.

ஆ கியோங் பேசினார்.
வளைவில்தான் அவர் பட்டறை.
வளைவில்தான் லோரிகளுக்கு டயர் தேய்கிறது.
"ரோடு நேரானால் என் கடையில் எவன் நிற்பான்?"
நேர்மையான கேள்வி. அடிக்கோடிட்டேன்.

சகாதேவனுக்குத் தண்ணீர்தான் கவலை.
நவம்பரில் பாரிட் நிரம்பி
கோழிக்கூண்டு மிதந்து போனதைக் கண்டவர்.
"பள்ளத்தில் பாதை வெட்டினால்
மழைக்கு எவன் வழி சொல்வான்?"
"படகு விடலாம், ஆளுக்கு ஒரு வெள்ளி"
பின்வரிசையில் ஒரு பையன்.
சிரிப்பைக் குறிப்பில் எழுதுவதில்லை.

பதினேழாம் நம்பர் வீட்டு மரகதம்
படத்துக்கு அருகே போய்
கோட்டின் மேல் விரல் வைத்துக் கேட்டாள்:
"இது பேனாவோட அகலமா, ரோட்டோட அகலமா?"
பேனா என்றால் அடுப்பங்கரை தப்பும்.
ரோடு என்றால் படுக்கையறையும் சேரும்.
அதைத்தான் ஆய்வு சொல்லும் என்றார் பொறியாளர்.
மரகதம் விரலை எடுக்கவில்லை.

பொருள் நான்கு.
"இப்போது தண்டவாளத்தை எப்படிக் கடக்கிறீர்கள்?"

காற்றாடி சுற்றும் சத்தம்.
சூராவுக்குப் பின்னால் வாழைமர மறைவில்
வேலிக் கம்பியை வெட்டி
ஆள் நுழைய வளைத்திருப்பது
மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.
பள்ளிப் பிள்ளைகள் அப்படித்தான் போகிறார்கள்.
அரிசி மூட்டை அப்படித்தான் வருகிறது.
உடுப்பு கிழியாமல் கம்பி நுனிகளில்
பழைய மோட்டார் டியூபைச் சுற்றிக் கட்டியது
நான்.

"மேம்பாலம் வழியாகத்தான்" என்றார்
தலைவர் வேதநாயகம், கூரையைப் பார்த்து.
பொறியாளர் தலையசைத்தார்.
அவர் காற்சட்டையில் முழங்கால்வரை ஒட்டுப்புல்.
இடது கையில் ஒரு கோடு துரு.
என்னைப் பார்த்தார்; நான் எழுதினேன்:
மேம்பாலம்.

ஆதரவு இருபத்திரண்டு. எதிர்ப்பு பத்தொன்பது.
ஆ கியோங் இரண்டுக்கும் கை தூக்கினார்.
எண்ணியவளின் கையை யாரும் எண்ணவில்லை.

நாற்காலிகளை அடுக்கியபின்
அந்தப் பக்கத்து ஆட்கள் வாழைமரத்தருகே போனார்கள்.
ஆய்வு வேண்டவே வேண்டாமென்று கத்திய சகாதேவன்
கம்பியைத் தூக்கிப் பிடித்தார்.
அமிர்தவல்லி குனிந்தாள், பிறகு நான்,
பிறகு, கைப்பேசி வெளிச்சத்தோடு, பொறியாளர்.
அவர் காரும் அந்தப் பக்கம்தான் நின்றது.

பட்டர்வொர்த் போகிற ரயிலின் வெளிச்சம்.
எல்லோரும் சரளைக்கல் ஓரத்தில் ஒதுங்கினோம்.
அது போய்முடியும்வரை
அமிர்தவல்லி மட்டும்
கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.