மூன்றாம் துருத்தி

என்னை எவரும் பார்த்ததில்லை.
ஆர்கனின் முதுகுக்குப் பின்னே ஏணி ஏறினால்
ஓர் இருட்டறை,
நான்கு துருத்திகள், நான்கு மிதிகட்டைகள்,
ஃபைட் ரோஸ்னர் என்கிற நான்.

கயிற்று மணி ஒருமுறை அடித்தால் மிதி.
இருமுறை என்றால் நிறுத்து.
எனக்கும் ஆர்கன் வாசிக்கும் ஹெம்பெலுக்கும் இடையில்
பதினாறு வருடமாக வேறு பேச்சில்லை.

தவக்காலம் நெடுக எங்கள் கோவிலில் இசை கிடையாது.
இசை இல்லையேல் கூலியும் இல்லை.
ஆறு வாரம் முட்டைக்கோசுத் தண்ணீர்.
அந்த ஆறு வாரத்தில்தான் எலியொன்று
மூன்றாம் துருத்தியின் மடிப்பைத் தின்றிருக்கிறது.
அதற்கும் பசிதானே.
கன்றுத்தோல் ஒட்டினேன். பசை காயவில்லை.
சக்சனி மலைச்சரிவில் பனி இன்னும் விடவில்லை.

இன்று பெரிய வெள்ளி. பாடுகளின் இசை.
பள்ளிப் பையன்கள், கிழிந்த காலுறை, சளி.
"சிலுவையில் அறையும்" என்று கத்தும் இடம்
அவர்களுக்குக் கொண்டாட்டம்.
பலகை வழியே என் முழங்காலுக்கு ஏறுகிறது அந்த வெறி.
இயேசுவாகப் பாடுபவர் ரொட்டிக்கடை க்ரோய்ட்ஸிக்.
எனக்கு ஏழு குரோஷன் பாக்கி.
நல்ல அடிக்குரல், மாவு படிந்தது.
அவர் பாடும்போது பெருங்குழல்கள் வாய்மூடும்,
காற்று மெல்ல இறங்கும்,
என் குதிகால் ஓய்வெடுக்கும்.

ஊரே சேர்ந்து பாடும் ஞானப்பாட்டு வேறு கதை.
எல்லாக் குழலும் திறக்க
ஒவ்வொரு துருத்தியும் கிணற்றில் கல்லாக அமிழும்.
ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் ஏறி
இறங்கி ஏறி
வேர்த்து
ஒரு சொல்லும் பாடாமல்
ஐந்நூறு பேருக்கு மூச்சு.

பிறகு "முடிந்தது" என்றார் க்ரோய்ட்ஸிக்.
தலை சாய்ந்தது என்று பாடினான் சுவிசேஷகன்.
மணி இருமுறை.

மற்ற மூன்றும் படுத்துவிட்டன.
மூன்றாவது மட்டும் நிரம்பி நின்றது.
கீழே எவரும் இருமக்கூட இல்லை.
அப்போது கேட்டது,
ஈரப் பசையைத் தள்ளிக்கொண்டு
அடுப்பேறிய கெண்டியைப் போல ஒரு சீழ்க்கை.
மண்டியிட்டேன்.
ஓட்டையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

முட்டியது.
குளிர்ந்த காற்றுதான், எலி நாற்றம், தூசி.
ஆனாலும் வெளியே போகத் தவித்து
என் கைரேகைகளை முட்டிக்கொண்டிருந்தது.
மடிப்பு மடிப்பாகத் தோல் தாழ்ந்தது.
முட்டுவது குறைந்தது.
நின்றது.

மணி ஒருமுறை.
நான் எழவில்லை.
உடனே எழ முடியவில்லை.
கீழே ஹெம்பெலின் விரல்கள்
ஓசையில்லாத கட்டைகளின்மேல் காத்திருந்திருக்கும்.

மாலையில் வாசற்படியில்
போதகரின் மனைவி அவரிடம் சொன்னாள்,
அந்த நீண்ட மௌனம் நெஞ்சைப் பிளந்ததாம்.
ஹெம்பெல் தொப்பியைத் தொட்டு
ஏற்றுக்கொண்டார்.

க்ரோய்ட்ஸிக் மதிலோரம் நின்று
வெங்காயம் கடித்துக்கொண்டிருந்தார்.
பாக்கியைக் கேட்கத்தான் போனேன்.
என்ன ரோஸ்னர் என்று கையை நீட்டினார்.
என் உள்ளங்கை முழுக்கப் பசை.
ஒட்டிக்கொண்டது.