நாய் கடித்த தழும்பு

வால்பரைசோவில் ஒரே கம்பியில் இரண்டு பெட்டிகள்:
ஒன்று குன்றேற, மற்றது கடலுக்கு இறங்கும்.
ஒட்டிலியா எழுதுவாள், நான் வரைவேன்.
பதினான்காம் பக்கத்தில் எங்கள் நாயகன்
நான்கு நிமிடம் பிந்திப் பெட்டியைத் தவறவிட்டான்.

"இங்கே காலம் கிளைக்கிறது," என்றாள்.
"புருவத் தழும்பை மறந்துவிடாதே.
ஏழு வயதில் விழுந்தது, பிரிவுக்கு முந்தியது;
இருவருக்கும் பொது."

முப்பதாம் பக்கம் வேறு பிரபஞ்சம்.
அங்கே தழும்பு கிடையாது, தடுக்கிய கல் கிடையாது,
கல்லுக்குக் கீழே குன்றே கிடையாது.
முகம் மட்டும் எப்படியோ அதே முகம்.
"இவன் யாரோ," என்றாள்.

ஜூலை மழையில் ஒருநாள்
ரப்பர் தூளை ஊதிக்கொண்டே கேட்டாள்:
"என் தம்பி நிபால்தோவை உயிரோடு வரைவாயா?"

எந்த வகையில் என்று கேட்க
எனக்கு நா எழவில்லை.

கிளை என்றால், வெட்டவேண்டிய இடத்தை அவள்தான் காட்டவேண்டும்:
எந்தக் காலை, எந்தப் படகு,
"போகாதே" என்று அவள் சொல்லாமல் விட்ட
எந்த நொடி.
வேறு பிரபஞ்சம் என்றால் யார்மேலும் பழியில்லை.
அவனுக்கு அக்காவும் இல்லை.

கடைசிப் பெட்டி இறங்கும் சத்தம்.
மற்றது ஏறியிருக்கும், நாங்கள் பார்க்கவில்லை.

"இடது முழங்கையில்," என்றாள்,
"நாய் கடித்த தழும்பு.
அதைப் போடு."