நாற்பத்தைந்து பைட்

சந்தூர் சாலை எடைமேடையில் எனக்கு இரவுப் பணி.
ஆனி மாதம். பெங்களூரா காய் உச்சத்தில்.
கூழ் ஆலை கேட்டிலிருந்து பெட்ரோல் பங்க் வரை டிராக்டர்கள்.
ஒவ்வொருவராக இறங்கி வந்து ஜன்னலைத் தட்டுவார்கள்:
"அக்கா, இப்ப எத்தனாம் நம்பர் ஓடுது?"
ஒரே ராத்திரியில் இருநூறு தட்டல்.
கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன் ஒருநாள்.

அதற்காகத்தான் எழுதத் தொடங்கினேன்,
பர்கூரில் படித்து, இரண்டாம் முறை எழுதித் தேறிய
சி மொழியில்,
ரசீது அடிக்கிற அதே கணினியில்.
ஒரு சாக்கெட். அதற்கொரு எண், எண்பது எண்பது.
அடுத்து 'லிசன்' என்றிருந்தது.
மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன்: கேள்.
போனும் கேட்கிறது. நானும் கேட்கிறேன்.
காது கொடுப்பதும் கை நீட்டுவதும்
நமக்கு ஒரே வினை.
யார் கேட்பவர், யார் கேட்பவர் என்று
முதல் இரவு முழுக்கக் குழம்பிக் கிடந்தேன்.

நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால்
அந்த எண்ணில் ஆள் இருக்கிறது என்றது.
யாருமில்லை, நான்தான், ஒரு நிமிடத்துக்கு முந்தைய நான்.
வண்டி இறங்கிய பிறகும்
பூஜ்யத்துக்குத் திரும்பாத மேடைபோல.

தலைப்புகள் முடிந்ததும் ஒரு வெற்று வரி விட வேண்டுமாம்.
விடவில்லை. போன் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

விட்டேன்.
பக்கம் வந்தது.

முதல் பதில்: காத்திருக்கவும்.
எவ்வளவு நீளம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.
விரல் மடக்கினேன். கா, த், தி, ரு, க், க, வு, ம்.
எட்டு.
திம்மராயன் போனை ஜன்னலுக்குள் நீட்டினார்.
திரையில் 'கா'. பக்கத்தில்
கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி.
"என்னக்கா, காக்கா மாதிரி கத்துது?"
பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்,
"யாரையோ காப்பாத்தச் சொல்லுதுப்பா."

இரண்டு மணிக்குப் புரிந்தது.
நம் எழுத்தில் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்.
ககரத்துக்கு மூன்று, துணைக்காலுக்கு மூன்று,
மிச்சம் இரண்டில்
தகரம் முக்கால் உடம்போடு வந்து நின்றிருக்கிறது.
லோடு லோடாக எடை போடுகிறவள் நான்,
மாங்காயை ஒருநாளும் எண்ணி வாங்கியதில்லை,
எழுத்தைப் போய் எண்ணியிருக்கிறேன்.
புள்ளிக்கும் எடை. சுழிக்கும் எடை.
நாற்பத்தைந்து என்று திருத்தினேன்.

மூன்றாம் இரவு எல்லாமே நின்றுபோனது.
ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் பதில் சொல்லும் என் புரோகிராம்.
யாருடைய போனோ வந்து இணைந்துவிட்டு
வாயே திறக்காமல் நிற்கிறது.
இதுவும் மரியாதையாகக் காத்திருக்கிறது.
ஜன்னலில் மறுபடி தட்டல்.
டார்ச்சோடு வரிசை நெடுக நடந்தேன்.
காய்க் குவியல்மேல் தார்ப்பாய், தார்ப்பாய்மேல் தூக்கம்,
சில நெஞ்சுகளில் அணையாத வெளிச்சம்.
இதில் ஊமைப் போன் எது என்று எப்படிக் கேட்பது, யாரைக் கேட்பது?
மாம்பால் வாசனை மட்டும் கூடவே வந்தது.
திரும்பி வந்து ஒரு வரி சேர்த்தேன்:
ஐந்து விநாடி பேசாவிட்டால் விட்டுவிடு.

இப்போது ஓடுகிறது. தொண்ணூற்று நாலு வரி.
பதினோராம் வண்டிக்கு அப்பால் வைஃபை எட்டாது,
அவர்கள் இன்னும் தட்டுகிறார்கள்.
மேனேஜர் ரகோத்தமனுக்கு இது தெரியாது,
தெரிந்தால் கரண்டு பில்லைக் காட்டுவார்.

கேட்டது, கொடுத்தேன், இருநூறு.
கேட்டது, கொடுத்தேன், இருநூறு.
வரி வரியாகத் திரையில் இறங்குகிறது.
நடுநடுவே, பக்கம் கிடைத்த கையோடு,
ஒவ்வொரு போனும் சின்னதாக ஒரு படமும் கேட்கிறது,
ஓரத்தில் ஒட்டிக்கொள்ள.
கேட்கச் சொல்லி யாரும் அனுப்பவில்லை.
திம்மராயனுக்குத் தன் போன் அப்படிக் கேட்டதே தெரியாது.
என்னிடம் படம் ஏது?
நானூற்று நான்கு என்கிறேன்.
இன்றைக்கு மட்டும் முப்பத்தெட்டு முறை
இல்லை என்றிருக்கிறேன்.
ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.