கையும் களவுமாக

"எப்படி?" என்று கேட்டார் ரைமுண்ட்,
முதல் வியாழக்கிழமை.
ஐம்பத்தெட்டு வயது, டிராமில் டிக்கெட் பரிசோதகர்.
எனக்கு முப்பத்தொன்று.
போஸ்னானில், யெஜித்ஸே பக்கம் ஒரு மதுக்கடை;
வியாழன்தோறும் மேசை மேசையாகப் போய்
சீட்டு வித்தை காட்டுகிறேன்.

எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லித் தருவதில்லை.
மூடியைத் திறந்து பார்த்ததும்
"ப்பூ, இவ்வளவுதானா" என்பார்கள்.
இவ்வளவுதான்.
இந்த இவ்வளவுக்கு ஒன்பது வருடம்
குளியலறைக் கண்ணாடி முன் நின்றிருக்கிறேன்.

ஒருமுறை அவசரப்பட்டுவிட்டேன்.
கயெத்தான் என்றொரு பையன், கெட்டிக்கார விரல்கள்.
நான் கொடுத்த நாணய வித்தையை
மறுநாளே தங்கையின் பிறந்தநாளில் செய்தான்.
கைதட்டினார்கள்.
உடனே விளக்கியும் காட்டினான்.
கைதட்டல் அவனுக்குப் போதவில்லை.

இரண்டாம் வியாழன் ரைமுண்ட்
கடையில் வாங்கிய புதுச் சீட்டுக்கட்டோடு வந்தார்.
குளிரில் சிவந்த விரல்கள்.
ஏழு சீட்டு பீரில் விழுந்தது,
எட்டாவது பக்கத்து மேசைக்காரரின் சூப்பில்.
"சொல்லித் தர முடியுமா?"
"முடியாது."

மூன்றாம் வியாழன் நான் கேட்டேன்: எதற்காக?
"இருபத்திரண்டு வருடமாக
என் கை நீண்டாலே ஜனங்கள் முகம் திருப்புகிறார்கள்.
ஒரு தடவையாவது இந்தக் கையைப் பார்க்க
யாராவது நெருங்கி வர வேண்டும்."

நல்ல பதில்.
நல்ல பதில்களை நான் நம்புவதில்லை,
என் பிழைப்பே அவற்றைத் தயாரிப்பதுதான்.

பிறகு பிப்ரவரி.
பனி சேறாகிக் கிடந்த மாலை,
பதின்மூன்றாம் எண் டிராம்.
டிக்கெட் எடுக்கவில்லை. கஞ்சத்தனம், வேறொன்றுமில்லை.
நடுக்கதவில் ஏறியவர் ரைமுண்ட்,
மார்பில் வில்லை,
முகத்தில் யாரையும் தெரியாத முகம்.

பக்கத்து இருக்கைப் பெண் காட்டிவிட்டு
மடியில் வைத்த சீட்டு என் கைக்கு வந்தது.
போன வாரத்துச் சீட்டு அவள் மடிக்குப் போனது.
எந்தச் சீட்டும் சீட்டுதானே.
அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரைமுண்ட் சீட்டைப் பார்த்தார்.
என் கட்டைவிரலைப் பார்த்தார்,
அதை மட்டும் சற்று அதிக நேரம்.
"நன்றி" என்று திருப்பிக் கொடுத்தார்.
அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார்.

கத்தியிருக்கலாம்.
நாற்பது பேர் திரும்பியிருப்பார்கள்,
அவர் ஆசைப்பட்டபடியே
எல்லாக் கண்ணும் அவர் கைமேல் இருந்திருக்கும்.
இரண்டு நிறுத்தம் தாண்டி
அந்தப் பெண்ணின் சீட்டை அவள் மடிக்கே அனுப்பினேன்.
அப்போதுதான் என் கை நடுங்கியது.

வியாழன் வந்தார்.
எதுவும் கேட்கவில்லை.
மற்றவர்கள் கைதட்டிய இடத்தில் கைதட்டினார்.
நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்த பிறகு
மெதுவாகச் சொன்னார்:
"இடது கட்டைவிரல் முந்திவிட்டது. அரை நொடி."

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தாள்.
என் பெயர், டிராம் எண், நேரம், அபராதத் தொகை.
"அது வேறு" என்றார். "இது வேறு."

கோபம் வந்தது, மறுக்கவில்லை.
கூடவே ஒரு கணக்கும் தீர்ந்தது.
விரல்களைப் பழக்கிவிடலாம்,
சூப்பில் விழும் சீட்டைக்கூட நிறுத்திவிடலாம்.
பார்த்ததை வாய்க்குள் வைத்துக்கொள்வதையும்
அதற்கு விலை உண்டென்று நினைப்பதையும்
நான் யாருக்கும் சொல்லித் தந்து பார்த்ததில்லை,
எனக்கே அதில் பாதிதான் தெரியும்.

பணத்தை எண்ணி மேசையில் வைத்தேன்.
ஒரு நோட்டு உள்ளங்கையிலேயே தங்கிவிட்டது.
பழக்கம். அல்லது பரிசோதனை.
அவர் பணத்தைத் தொடவில்லை,
பொறுமையாக என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
ஒரு டிராம் கடந்துபோகும் நேரம்.

நோட்டை வைத்தேன்.

"நாளை பத்து மணிக்கு வாருங்கள்" என்றேன்.
"பத்துக்கு எனக்கு டியூட்டி."
"பன்னிரண்டு?"
"பன்னிரண்டரை" என்றார்,
ரசீது எழுதிக்கொண்டே.